பௌர்ணமிக்கு ஒரு நாள் முன்

"வியாழன். உபரி வேலூருக்குப் போயிற்று. பௌர்ணமிப் பணம் நாளைக் காலை வரும்."

பழைய நாள்காட்டித் தாளின் பின்புறம், என் கையெழுத்து. சென்ற வாரம் வேங்கிக்காலுக்கு வீடு மாறும்போது ஒரு புத்தகத்துக்குள் கிடைத்தது. ஆண்டு கிழிந்துபோயிருக்கிறது. தேதிப் பைத்தியம் என்று பெயர் வாங்கியவனுக்கு இது அழகில்லை.

அப்போது திருவண்ணாமலையில் ஒரு வங்கிக் கிளையில் ரொக்கப் பிரிவில் இருந்தேன். ரொக்கம் கம்மியாக இருந்தால் கேட்டவருக்குக் கொடுக்க முடியாது. ஜாஸ்தியாக இருந்தால் வட்டியில்லாமல் பெட்டியில் தூங்கும். எவ்வளவு வைத்துக்கொள்வது, எவ்வளவை வேலூர்ப் பெரிய கிளைக்கு அனுப்புவது என்று தினமும் குறித்துக்கொடுப்பது என் வேலை. அதற்கு நிலாதான் துணை. கிரிவலக் கூட்டம் வந்துபோன மறுநாள் காலை லாட்ஜ்காரர்களும் கடைக்காரர்களும் கட்டுக்கட்டாகக் கொண்டுவருவார்கள். அந்த நோட்டுகளில் கற்பூர வாசனை இருக்கும். எண்ணி முடித்தால் விரல்களில் விபூதி. எங்கள் நிலாக் கணக்கு ஊருக்கே தெரியும்.

அந்த மாதம் பௌர்ணமி வியாழன் பின்னிரவில் தொடங்கி வெள்ளி பின்னிரவு வரை இருந்தது. வியாழன் இரவே கூட்டம் சுற்றிவிடும் என்று நம்பிக் கையிருப்பைத் துடைத்து அனுப்பிவிட்டேன். கூட்டம் வெள்ளி இரவுதான் வந்தது.

வெள்ளி காலை, எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையை வாங்கி விற்கும் கீழ்பென்னாத்தூர் வியாபாரி சர்தார் பாய் காசோலையோடு வந்து நின்றார்.

"என் கணக்குல பணம் இருக்குதா இல்லியா சார்?"

"இருக்குதுங்க பாய். கையில ரொக்கம் கம்மி. பாதி வாங்கிக்குங்க, மீதி நாளைக்கு."

"மல்லாட்டய எட போட்டுட்டு வெவசாயிங்க அத்தினி பேரும் களத்துல ஒக்காந்துனு இருக்கறாங்க. நெலா வரட்டும்னு சொல்லவா?"

மேலாளர் அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஒரு நாள் முன்னாடியே நீங்க மட்டும் சுத்திட்டு வந்துட்டீங்களா?"

சொன்ன நாளில் பணம் தராத வியாபாரிக்கு அடுத்த அறுவடையில் ஒரு மூட்டையும் வராது. பாய் பாதியைப் பையில் போட்டுக்கொண்டு போனார். பெட்ரோல் பங்க் முதலாளியைக் கெஞ்சி மூன்று மணிக்குள் மீதியைத் திரட்டினோம், ஆனால் பாய் திரும்பி வரவில்லை. திங்கட்கிழமை வந்தபோது, வெள்ளி சாயங்காலமே எல்லோருக்கும் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். எப்படி என்று நான் கேட்கவில்லை.

இப்போது கையிருப்பு எவ்வளவு வேண்டும் என்பதை எங்கோ ஒரு கணினி சொல்கிறது. லாட்ஜ் வாடகை கைபேசியில் போகிறது. பாயின் களம் மனைகளாகிவிட்டது, பாயும் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை மனைவியின் வளையல்களை அடகு வைத்துத்தான் மீதியைக் கொடுத்தார் என்று அவர் களத்தில் எடை போடும் வேலை பார்த்தவர் பிற்பாடு சொன்னார். பாயின் மகனைக் கேட்டேன். "அத்தா அப்படி ஒண்ணும் சொன்னதில்லீங்க" என்றார். அடகுக்கடை மூடிப் பல காலமாகிறது. வளையல்கள் மீட்கப்பட்டனவா, முதலில் அடகு வைக்கப்பட்டனவா என்பதையே இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.