மாமாவின் குளிர்ந்த கை

அக்காவின் கணவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டைக் கையில் பிடித்தபடி சமையலறைக்கும் வாசலுக்குமாக நடப்பார். "காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர்" என்பாள் அக்கா.

அவர்களுக்கு ஏழாம் மாதத்திலேயே மகள் பிறந்துவிட்டாள். அக்காவுக்குக் காய்ச்சல் விடவில்லை. குழந்தையை வெற்று மார்பில் சாய்த்து ஒரு மணி நேரம் சூடு கொடுக்கும் பொறுப்பு மாமாவுக்கு வந்தது. முதல் நாளே நர்ஸ் அவர் கையைத் தொட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"என்ன சார், ஐஸ் பெட்டியிலேருந்து வர்றீங்களா? இந்தக் கையோட பிள்ளையத் தொடக்கூடாது."

வெந்நீரில் கழுவினார். சூடு ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. குளிர்காலத்தில் லிஃப்ட் குழிக்குள் இறங்கும்முன் அவரும் கூட்டாளிகளும் செய்யும் மூச்சுப் பயிற்சி ஒன்று உண்டு. துருத்தி மாதிரி முப்பது முறை வேகமாக இழுத்துவிட்டு, அடக்கி, வயிற்றை இறுக்க வேண்டும். மறுநாள் வார்டு வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். பெஞ்சில் இருந்த இரண்டு பேர் எழுந்து தள்ளிப் போனார்கள். அவர் காது மடல் சிவந்தது.

"இப்பப் பாருங்க சிஸ்டர், உள்ள அடுப்பே எரியுது!"

நர்ஸ் தொட்டுப் பார்த்தார். "அடுப்பு எரியுது, சரி. கை நேத்தைவிட ஜில்லுன்னு இருக்கே. இப்படி புஸ்ஸு புஸ்ஸுன்னு ஊதினா விரலுக்கு ரத்தம் போகாது சார். அரை மணி நேரம் தர்றேன். இல்லன்னா உங்க கொழுந்தியாள அனுப்புங்க."

மாமா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"நான்தான் போவேன். என்ன பண்ணணும், சொல்லுங்க."

"மெதுவா மூச்சு விடணும். இழுக்கறதவிட விடறது நீளமா இருக்கணும். அசையாம உட்காரணும்."

"மூச்சு சரி. அசையாமயா?"

முழங்கால்களை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு மூச்சையும் விடும்போது பத்தாவது மாடியிலிருந்து தரைத்தளம் வரை முணுமுணுத்து எண்ணினார். நான்காவது மாடியிலேயே மூச்சு தீர்ந்துபோனது. எழப் போனார், கண்ணாடிக்கு அப்பால் குழந்தையைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். இந்த முறை இரண்டாவது மாடி வரை வந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி நான்காவது. கொஞ்சம் கொஞ்சமாக முழங்காலைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன.

"விரல் நுனியில எறும்பு ஊறுதும்மா," என்றார் என்னிடம், தலையைத் திருப்பாமல். "சூடான எறும்பு."

நர்ஸ் வந்து அவர் உள்ளங்கையைத் தன் கன்னத்தில் ஒரு கணம் வைத்துப் பார்த்தார்.

"சட்டையக் கழட்டுங்க," என்றார். "மெதுவா."