எக்கோ பெட்டியோடு பாடிய மத்தியானம்

முளைப்பாரிக் கும்மியில் ஒருத்தி முன்னால் பாடுவாள். சுற்றி நிற்கிற பொம்பளைகள் அதையே திருப்பிப் பாடுவார்கள். எங்கள் ஊரில் முன்னால் பாடுகிறவள் என் மதினி. அண்ணன் பெண்டாட்டி என்றாலும் என் வயசுக்காரி. நான் பின்னால் பாடுகிறவள். தீப்பெட்டி ஆபீசில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து குச்சி அடுக்கும்போதும் அப்படித்தான். "ஏட்டி, குரல் வயித்துக்குள்ளயே கெடக்கு, வெளிய விடு" என்று கேலி பண்ணிக்கொண்டே அடுத்த வரியை எடுப்பாள்.

மழை ஏமாற்றிய ஒரு வருசம் அண்ணன் பம்பாய்க்குப் பிழைக்கப் போனான். மதினியும் போய்விட்டாள். அந்த வருசம் முளைப்பாரிக்கு என்னைத்தான் முன்னால் பாடச் சொன்னார்கள். பாட்டெல்லாம் எனக்குத் தெரியும். மதினி ஆரம்பிக்காமல் வாயில் வராது.

என் மகன் கோவில்பட்டியில் ஒரு பாட்டுக் கச்சேரிக் குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தான். புதிதாக ஒரு எக்கோ பெட்டி வாங்கி வந்தான். டிபன் டப்பா அளவுதான். மேலெல்லாம் திருகு, வரிசையாகச் சின்னச் சின்ன விளக்கு. மைக்கில் பாடினால் பாடினது திரும்பி வரும். ஒவ்வொரு விளக்கும் தாளத்தில் ஒரு தட்டு. எரிகிற விளக்கின் தட்டில் மட்டும் குரல் வரும், மற்ற தட்டில் சும்மா இருக்கும்.

"எம்மா, இது ஒனக்குப் பின்பாட்டு பாடும். பாடிப் பழகு."

"வெக்கமா இருக்குலே."

"பெட்டிகிட்ட என்ன வெக்கம்? நான் வேணா வெளிய நிக்கேன்."

கதவைச் சாத்திவிட்டுப் போனான். மெதுவாக ஒரு வரி பாடினேன். நான் நிறுத்தினதும் பெட்டி அதையே பாடியது. பழக்கதோசம், அது பாடினதைக் கேட்டு அதற்குப் பின்னால் நானும் பாடினேன். அது மறுபடி பாட, நான் மறுபடி பாட, ஒரே வரியிலேயே கிடந்தோம்.

வெளியே மகன் சிரித்தான். "எம்மா, நீதான் முன்பாட்டு. அடுத்த வரிக்குப் போ."

உள்ளே வந்து ஒரு திருகைத் திருப்பினான். திரும்பி வந்த குரல் லேசாக அலைந்தது, கொஞ்சம் கனத்தது. வேறொரு பொம்பளை அந்த அறைக்குள் நிற்கிற மாதிரி இருந்தது.

"அத அப்படியே விடுலே" என்றேன்.

மத்தியானம் பூராவும் அந்தக் குரலோடுதான் பாடினேன். மதினி மூச்சு வாங்குகிற இடத்தில் அது வாங்கவில்லை. ஆனாலும் நிறுத்த மனசு வரவில்லை. வெயில் தாழ்ந்ததும் கச்சேரிக்கு நேரமாச்சு என்று அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு போனான்.

முளைப்பாரி அன்றைக்கு முதல் வரியை நானே எடுத்தேன். கை கொட்டி அத்தனை பேரும் திருப்பிப் பாடினார்கள். முடிகிறவரைக்கும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மகன் பூத்தில் இருந்து பம்பாய்க்குப் போன் போட்டுக் கொடுத்தான். மதினிதான் எடுத்தாள்.

"இந்த வருசம் முன்னால யாருட்டி பாடுனா?"

"யாரோ பாடுனாவ. நீ எப்ப வார மதினி?"

"பாப்போம்ட்டி" என்றாள்.