விளக்கு மட்டும் எரிந்த விபத்துப் பிரிவு

அரசுப் பணம் ஒழுங்காகச் செலவானதா என்று பார்ப்பது ஒரு தணிக்கை. அந்தச் செலவால் யாருக்காவது பயன் கிடைத்ததா என்று பார்ப்பது இன்னொன்று. நான் இரண்டாவதைச் செய்பவள்.

ஒரகடம் பக்கம் சாலையோரம் கட்டிய விபத்துச் சிகிச்சைப் பிரிவைப் பார்க்கப் போனேன். கணக்கெல்லாம் சரி என்று முன்பே எழுதியிருந்தார்கள். கட்டடமும் நன்றாகத்தான் இருந்தது. கதவு பூட்டியிருந்தது. கண்ணாடி வழியே பார்த்தால், கட்டில்களின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. வாசலில் ‘24 மணி நேரமும்’ என்ற பலகை மட்டும் பட்டப்பகலிலும் சிவப்பாக எரிந்தது.

“கட்டி ஒப்படைச்சாச்சு மேடம். ஆளு போட வேண்டியது சுகாதாரத் துறை” என்றார் உடன் வந்த பொறியாளர். சுகாதாரத் துறையில், பணியிடம் கேட்டு எழுதியிருக்கிறோம் என்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை.

எதிரில் டிபன் கடை போட்டிருந்த பெண் சாலையைக் கடந்து வந்தாள்.

“இன்னா மேடம், தொறக்கப் போறீங்களா?”

“இங்க யாராவது வந்தாங்களாம்மா?”

“நாங்க வந்தோமே. என் தம்பி கம்பெனி பஸ்ஸ வுட்டு எறங்கி ரோடு தாண்டுனான், லாரி அடிச்சிடுச்சு. போர்டு எரியுதே, டாக்டர் இருப்பாருன்னு இங்க தூக்கினு வந்தோம். தட்டிகினே இருந்தோம். ‘அழாதக்கா, வந்துடுவாங்க’ன்னு அவன்தான் எனக்கு தைரியம் சொன்னான்.”

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அவன் உயிரோடு இல்லை.

முதலில் அந்தப் பலகையை அணைக்கச் சொன்னேன். பொறியாளர் தானே போய் அணைத்தார்.

“ஒரு அம்மா சொன்னத வெச்சு எழுத முடியாது” என்றார் என் மேலதிகாரி. அதனால் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களைத் தேடிப் போனேன். பூட்டிய கதவு முன்னாலிருந்து அடிபட்டவர்களை ஏற்றிப்போனதாகப் பலர் சொன்னார்கள். பயன்படாத கட்டடம் என்று எழுதவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்களை வழிமாற்றிய கட்டடம் என்று எழுதினேன். கட்டுவதற்கும் திறப்பதற்கும் இடையில் யார் பொறுப்பு என்ற கேள்விக்குத் துறைகள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு மருத்துவர்கள் வந்தார்கள். ஆள் போடாமல் எங்கும் பலகை வைக்கக் கூடாது என்று உத்தரவும் வந்தது.

ஆனாலும் அந்தத் தம்பி என்னை விடவில்லை. முகம் தெரியாது, குரல் மட்டும் வரும். கோப்பில் ‘பணி நிறைவு’ என்று படிக்கும்போதெல்லாம், ‘வந்துடுவாங்க’ என்று காதோரம் கேட்கும்.

அடுத்த ஆண்டு மறுஆய்வுக்குப் போனேன். ஒரு திருநெல்வேலிப் பையனுக்குக் கையில் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். “பக்கத்துலயே இருந்துச்சுல்லா மேடம், தப்பிச்சேன்” என்று சிரித்தான்.

டிபன் கடை இருந்த இடம் காலியாக இருந்தது. பக்கத்துப் பஞ்சர் கடைக்காரரைக் கேட்டேன்.

“அந்த அக்கா குன்றத்தூர் போயிடுச்சு மேடம். இந்த ஆஸ்பத்திரி தொறந்த அன்னிக்கு உள்ள போச்சு. ஒவ்வொரு கட்டிலா தொட்டுப் பாத்துகினே இருந்துச்சு. மறுநாளே கடைய எடுத்துடுச்சு.”