அண்ணனின் எட்டாம் வீடு

எங்கள் அண்ணன் பிறந்தது ஜெகதளாவுக்கு மேலே, தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில். "ஃபேக்டரில சாயங்காலம் நாலு மணிச் சங்கு ஊதறப்பத்தான் பொறந்தான்" என்று அம்மா கடைசிவரை சொல்வார். அந்த நேரத்தை வைத்தே அண்ணன் தம் ஜாதகத்தைக் கணித்துக்கொண்டார்.

அவர் ஃபேக்டரியில் கிளார்க். அப்பா போன பின் என்னைப் படிக்க வைத்துக் கரையேற்றியவர். ஜோதிடம் அவராகவே படித்தது. பன்னிரண்டு வீடுகளுக்கும் பரல் என்னும் பலப் புள்ளிகளை எண்ணுவார். இருபத்தெட்டுக்கு மேல் இருந்தால் அந்த வீடு பலம். தேயிலை விலை விழுந்து ஃபேக்டரி பாதி நாள் மூடிக் கிடந்தபோது, வேலை நிலைக்குமா என்று கேட்டு லைனே எங்கள் வாசலில் நின்றது. தொழிலைச் சொல்லும் பத்தாம் வீடு பலவீனம் என்று யாரிடமும் அவர் சொன்னதில்லை. தம் கட்டத்தில் மட்டும் அந்த இரக்கம் காட்டவில்லை.

அண்ணனுக்குக் கேத்தியிலிருந்து ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. "ஏழாமெடத்துல இருபது பரலு கூட இல்ல அம்மிணி. வர்ற புள்ளைய எதுக்கு அழ வெக்கோணும்?" என்று மறுத்துவிட்டார்.

போன வருடம் நெஞ்சு வலி வந்தது. குன்னூர் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். "எட்டாமெடத்துல முப்பத்தாறு இருக்குது. ஆயுசு கெட்டி. சம்பளமில்லாத நேரத்துல ஆஸ்பத்திரி எதுக்கு?" என்றார். நானும் அவர் ஜாதகம் போட்டு வைத்த நோட்டை வாங்கிக் கூட்டிப் பார்த்தேன். முப்பத்தாறுதான். அதோடு ஆஸ்பத்திரிப் பேச்சை விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த அண்ணனுக்கும் மூத்தவரான பக்கத்து வீட்டு மயிலாத்தாக்கா, பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "உங்கண்ணன் பொறந்தன்னிக்குச் சரியான மழைங்க. லாரி சேத்துல மாட்டி, எல நிறுக்கவே நேரமாயிருச்சு. நாலு மணிச் சங்கை ஆறு மணிக்குத்தான் ஊதுனாங்க."

அன்றே உட்கார்ந்து, பிறந்த நேரம் ஆறு மணி என்று வைத்து, அண்ணனிடம் கற்றபடி போட்டுப் பார்த்தேன். லக்னம் ஒரு ராசி தள்ளிப் போயிற்று. ஆயுளுக்கென்று அவர் நம்பிய வீடு எட்டாம் வீடு அல்ல, ஏழாம் வீடு. அவர் எண்ணிய முப்பத்தாறும் கல்யாண வீட்டின் பலம். என்னால் தாங்க முடியவில்லை.

அண்ணனைச் சுமந்து சென்ற லைன் சகோதரர்களுக்கும், பதினாறு நாளும் எங்களுக்குச் சோறாக்கிய வீடுகளுக்கும், உண்மையைச் சொன்ன மயிலாத்தாக்காவுக்கும் என் கைகூப்பிய நன்றி.

இந்த நினைவு மலரில் அச்சிட அண்ணனின் ஜாதகக் கட்டத்தைக் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. அவர் எழுதி வைத்தது தப்பு. சரியானதை அவர் பார்க்கவே இல்லை.