கருப்பையாவின் வேலைச் சீட்டு

இன்று காலை சூலியா தெருவில், மழையில் நனைந்த கோணிச் சாக்குகளின் வாடை துறைமுகத் தொழிலாளர் வரிசை வீடுகளைக் கண்முன் கொண்டுவந்தது. அந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். அப்போதெல்லாம் விடியும்போதே தகரக் கூரைகள் சொட்ட, பொதுக் குழாயடியில் வாளிகள் இடிபட, கொப்பரைத் தூள் ஒட்டிய சட்டைகளோடு ஆண்கள் வரிசையில் நிற்க, கங்காணி வேலை பார்த்த மண்டோர் பெயர்ப் பட்டியலை வாசிப்பார். “கருப்பையா!” என்றதும் என் அப்பா, “இருக்கேன் மண்டோரே!” என்பார்.

கடல் தாண்டி ஊருக்கே திரும்பிவிட்ட யாரோ ஒரு கருப்பையாவின் வேலைச் சீட்டை வைத்து, அந்தப் பெயரிலேயே வேலைக்குச் சேர்ந்தவர் அவர். அடையாள அட்டையும் அதே பெயரில்தான்.

“ஏண்ணே, கருப்பையா பொண்டாட்டி கடுதாசி போட்டா நீங்கதான் பதில் எழுதணும்லா!” என்று வரிசையில் நிற்பவர்கள் சீண்டுவார்கள்.

“மூட்டை தூக்குறது என் முதுகுலா. பேரு யாருதா இருந்தா என்ன?” என்று அப்பாவும் சிரிப்பார்.

அவர் இறந்த பிறகு, சொந்தப் பெயர் என்னவென்று அம்மாவிடம் கேட்டேன்.

“அவுக பேர நான் வாயால சொல்லலாமாடா? ஊர்லேர்ந்து கடுதாசி வரும், அதுல பாத்துக்க.”

கடிதம் வரவில்லை. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. நான் மறுபடி கேட்கவுமில்லை, அம்மாவும் போய்விட்டார்.

ஓய்வு பெற்றதிலிருந்து ஆவணக் காப்பகத்தில் பழைய கப்பல் பயணிகள் பட்டியல்களைத் தேதிவாரியாகப் பிரதி எடுத்துவருகிறேன். அசல் கருப்பையா வந்த கப்பலும் இறங்கிய நாளும் கிடைத்துவிட்டன. அப்பாவும் தன் சொந்தப் பெயரில் இந்தப் பட்டியல்களில் எங்கோ இருக்கத்தான் வேண்டும். ஒவ்வொரு பெயராக விரல் வைத்துத்தான் படிக்கிறேன். அவர் பெயரையும் எப்போதோ தொட்டு, தாண்டிப் போயிருப்பேன்.