செம்பருத்திக்குப் பின்னால் நிற்பவர்

இன்று காலை பக்கத்து வீட்டு சரசு அக்கா போனோடு வந்தார். போன மாதம் அவர் வீட்டுத் தோட்டத்தில் நான் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்ட செம்பருத்திப் படம் அதில் இருந்தது. மகரந்தத் தூளைக்கூட எண்ணிவிடலாம், அவ்வளவு துல்லியம்.

"பூவுக்குப் பின்னாடி மங்கலாத் தெரியுறது எங்க வீட்டுக்காரரு தம்பி. அவரக் கொஞ்சம் தெளிவாக்கித் தாங்க" என்றார்.

அக்கா வீட்டு அண்ணன் தவறி ஒரு வாரம்தான் ஆகிறது.

"கருமாதி பிளக்ஸுக்கு பொன்னமராவதி கடையில ஆதார் படத்தக் குடுத்திருக்காங்க. அதுல மொறைச்சுக்கிட்டு இருக்காரு. இதுலதான் சிரிக்கிறாரு."

பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளையாக ஒரு சட்டை, அதற்கு மேல் பழுப்பாக ஒரு வட்டம். சிரிப்பு எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிகிறது.

ஏ.ஐ.யில் போட்டால் தெளிவாகிவிடுமே என்று கமெண்டில் சொல்ல வருகிறவர்களுக்கு: ஆகும். யாரோ ஒருவர் சிரித்துக்கொண்டு நிற்பார்.