திருவண்ணாமலையில் முந்நூறு பேர்

காலை 7.20, சென்னை கிளாம்பாக்கம் பஸ் நிலையம். பௌர்ணமியும் ஞாயிறும் சேர்ந்து வரும் நாளில் திருவண்ணாமலை பஸ்ஸில் உட்கார இடம் பிடிப்பவருக்குப் பதக்கமே கொடுக்கலாம். நாங்கள் பதினொரு இடம் பிடித்தோம். பெரம்பூர்ப் பெண்கள் கால்பந்து அணியின் ரசிகர்கள் நாங்கள். ஆட்டக்காரிகள் முந்தின நாளே வேனில் போய்விட்டார்கள். டிக்கெட் தலைக்கு நூற்றெழுபது ரூபாய். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துவது என் பிழைப்பு. இந்த அணி எங்கே ஆடினாலும் ஓடிப்போய்த் தொண்டை கிழியக் கத்துவது என் பைத்தியம்.

கூட்டம் எல்லாம் கிரிவலக் கூட்டம். பக்கத்து இருக்கை அம்மாள் எத்தனையாவது கிரிவலம் என்று கேட்டார். பந்தாட்டம் பார்க்கப் போகிறோம் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னைக்கா?" என்றார். அதே கேள்விதான் எனக்கும். போட்டி நடத்தும் லீக்கில் உட்கார்ந்து தேதி குறித்த மகானுபாவர் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமையை மட்டும் பார்த்திருக்கிறார், பௌர்ணமியைப் பார்க்கவில்லை. பௌர்ணமியன்று அந்த ஊருக்குள் வண்டி நுழைய முடியாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

வெளியூர் ரசிகர்களுக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்பது போகாதவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. இதற்கு முன் போன ஓர் ஊரில் கேட்டிலேயே தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார்கள். குப்பைமேட்டுப் பக்கமாக ஒரு மூலையில் கயிறு கட்டி, உச்சி வெயிலில் எங்களை நிற்கவைத்தார்கள். கழிப்பறை எங்கே என்று கேட்டதற்கு ஒருவர் முட்புதரைக் கை காட்டினார். அதனால் எந்த மைதானத்துக்குப் போனாலும் சண்டைக்குத் தயாராகத்தான் போவேன்.

காலை 11.00, கீழ்பென்னாத்தூர். திண்டிவனம், செஞ்சி தாண்டி பஸ் இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. இன்றைக்கு எங்களோடு மோதப்போகும் அணி இந்த ஊர் அணிதான். ஊரில் சரியான மைதானம் இல்லாததால் பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி திருவண்ணாமலையில் ஆடுகிறார்கள். கடைத்தெருவில் மஞ்சள் கொடி கட்டிய வேன்கள் வரிசையாக நின்றன. பஸ் ஜன்னல் வழியாக நாங்கள் "ஊ" என்று கத்தினோம். அவர்கள் சிரித்துக்கொண்டே கை ஆட்டினார்கள். கத்தினால் திருப்பிக் கத்த வேண்டாமா? எனக்கு சப்பென்று போய்விட்டது.

காலை 11.40. பஸ்ஸை ஊருக்கு வெளியே தற்காலிக நிலையத்திலேயே நிறுத்திவிட்டார்கள். ஷேர் ஆட்டோ தலைக்கு நாற்பது ரூபாய்.

"கிரிவலமா மேடம்? பாதி தூரம்தான் வுடுவேன். அதுக்கு மேல போலீஸ் வுடாது."

"ஃபுட்பால் கிரவுண்டுக்குப் போகணும், செங்கம் ரோட்டுல."

"பௌர்ணமி அன்னைக்கு ஃபுட்பாலா?" என்று ஓட்டுநர் திரும்பியே பார்த்தார். "இன்னைக்கு கூட்டம் ரொம்ப ஜாஸ்தி மேடம். ஆனா உங்க ஆட்டத்துக்கு கம்மியாத்தான் இருக்கும்."

அவர் இறக்கிவிட்ட இடத்திலிருந்து கிரிவலக்காரர்களோடு கலந்து நடந்தோம். வலது பக்கம் மலை கூடவே வந்தது. ஆசிரமப் பகுதி தாண்டியதும் சாலையை ஒட்டி மைதானம். கேட் என்பது இரண்டு சவுக்குக் கம்பங்களுக்கு நடுவே ஓர் இடைவெளி, அவ்வளவுதான். டிக்கெட் இருபது ரூபாய். சண்டைக்கான வசனங்களை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

"பெரம்பூருங்களா? வாங்கக்கா, வாங்க. கை கழுவிட்டு உக்காருங்க. நீங்க சாப்ட்டாதான் எங்க ஆளுங்களுக்கு இலை போடணும்."

சொன்னவர் கலைவாணி. கீழ்பென்னாத்தூரில் உரக்கடை வைத்திருப்பவர், அந்த அணியின் ரசிகர் குழுத் தலைவி. முப்பத்தைந்து வயதிருக்கும். விடியற்காலையிலேயே ஸ்கூட்டரில் வந்து சமையலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைதானத்திலேயே அடர்ந்த நிழல் புங்கமரத்தடிதான். எங்களுக்கு அங்கே பாய் விரித்திருந்தது. புளிசாதம், தயிர்சாதம், வேர்க்கடலைத் துவையல். அந்தத் துவையலை நான் மூன்று முறை கேட்டு வாங்கினேன். வெட்கமே படவில்லை.

"பாத்ரூம் எதிர்ல இருக்கிற கெஸ்ட் ஹவுஸ்லக்கா. லேடீஸுக்குனு ரெண்டு ரூம் சொல்லி வச்சிருக்கோம். சாவி என்கிட்டதான் இருக்குது."

நாற்பத்தாறு வயதில், பந்தாட்டம் பார்க்கப் போன ஊரில், முதன்முறையாக என்னை ஒரு மனுஷியாக நினைத்திருந்தார்கள். கண் கலங்கிவிட்டது. துவையல் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மதியம் 1.30. கலைவாணி முகத்தில் மட்டும் கலவரம். என்ன என்று விசாரித்தேன்.

"முந்நூறு பேர் வரணும்க்கா, லீக்கு ரூல் அது. போன ரெண்டு மேட்சுக்கும் கூட்டம் கம்மி. இன்னைக்கு முந்நூறுக்கு ஒரு ஆள் கொறைஞ்சாலும் அடுத்த வருஷம் எங்க மேட்ச் எல்லாத்தையும் வேலூருக்கு மாத்திடுவாங்க. வேலூருக்கு எங்க பொண்ணுங்கள யாரு வுடுவாங்க? பாதிப் பேரு ஆட்டத்தையே வுட்டுடுவாங்க."

கேட்டில் லீக் அனுப்பிய கண்காணிப்பாளர் கையில் எண்ணும் கருவியோடு நின்றார். ஆள் நுழைய நுழைய அதை அமுக்குவார். அப்போது மைதானத்தில் இருந்தவர்கள் தொண்ணூறு பேர்கூட இல்லை. அதில் இரண்டு வெள்ளைக்காரர்கள். யார் எந்த அணி என்று தெரியாமலே, பயிற்சி செய்துகொண்டிருந்த இரண்டு பக்கத்துக்கும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

கலைவாணியின் போன் அடித்தது. எட்டு வேனையும் ஊருக்கு வெளியே மடக்கிவிட்டார்களாம். அங்கிருந்து மைதானம் ஆறேழு கிலோமீட்டர்.

"நடங்க!" என்று போனுக்குள் கத்தினார் கலைவாணி. "ஊரே நடக்குது, உங்களுக்கு இன்னா?"

பிற்பகல் 3.25. ஐந்து நிமிடத்தில் ஆட்டம். முதலில் பம்பைச் சத்தம் கேட்டது. பிறகு விசில். செங்கம் சாலையில் கிரிவலக் கூட்டத்துக்கு நடுவே ஒரு மஞ்சள் பட்டை நகர்ந்து வந்தது. மஞ்சள் பனியன், மஞ்சள் புடவை, தலையில் மஞ்சள் துண்டு. ஆறு கிலோமீட்டர் வெயிலில் நடந்தவர்கள் மாதிரியே இல்லை, கல்யாண ஊர்வலம் மாதிரி ஆடிக்கொண்டு வந்தார்கள். எதிரணிக்காரி நான், எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

ஆட்டம் ஆரம்பித்துப் பதினைந்து நிமிடத்தில் கண்காணிப்பாளர் கருவியை உயர்த்திக் காட்டினார். நானூற்றுப் பன்னிரண்டு! மஞ்சள் கூட்டம் குதித்தது. கலைவாணி மட்டும் குதிக்கவில்லை. விரல் விட்டு எண்ணினார், எழுந்து கேட்டுப் பக்கம் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"சார், எட்டு வேனுக்கு இருநூறு பேர்தான் வருவாங்க. எப்பிடி சார் நானூறு?"

அப்புறம்தான் இரண்டு பேரும் பார்த்தோம். வந்த கூட்டம் உட்காரவே இல்லை. நடந்து வந்த வேகத்தில், மைதானத்தின் எல்லைக்கோட்டையும் இடமிருந்து வலமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மலையைச் சுற்றிப் பழகிய கால்கள் வேறென்ன செய்யும்? மற்ற ஊரில் ரசிகன் நின்ற இடத்தில் நின்று கத்துவான். இங்கே வலம் வந்துகொண்டே கத்துகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் கேட்டைக் கடந்தார்கள், கண்காணிப்பாளரும் ஒவ்வொரு சுற்றிலும் அமுக்கிக்கொண்டே இருந்தார்.

"சார், ஒரே ஆளை ரெண்டு வாட்டி எண்ணிட்டீங்க. திருப்பி எண்ணுங்க."

"அக்கா, உனக்கு புத்தி கெட்டுப்போச்சா?" என்று கலைவாணியின் ஆட்களே அவர் மேல் பாய்ந்தார்கள். "அவரே நானூறுன்னு சொல்றாரு, நீ எதுக்கு வாயைத் தொறக்கிற?"

"பொய்க் கணக்குல கிடைக்கிற கிரவுண்டு எனக்கு வேணாம்டா. நாளைக்கு வேற எவனாவது மூஞ்சிக்கு நேரா கேட்டா இன்னா பதில் சொல்றது?"

பிற்பகல் 4.15, இடைவேளை. எல்லாரையும் தரையில் உட்காரவைத்து, வரிசை வரிசையாக எண்ணினார் கண்காணிப்பாளர். இருநூற்றுத் தொண்ணூற்றொன்று. ஒன்பது பேர் குறைச்சல். பம்பைக்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். கலைவாணி மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைத் திட்டக்கூட யாருக்கும் தெம்பில்லை.

எனக்கு ஒரு சந்தேகம். புங்கமரத்தடிக்குக் கண்காணிப்பாளர் வரவேயில்லையே.

"சார், எங்க பதினோரு பேரை எண்ணலையே?"

"வெளியூர் ஆளுங்களை எப்பவும் எண்றதில்லம்மா."

பஸ்ஸிலிருந்தே தயாராக வைத்திருந்த சண்டை இருக்கிறதே, அதற்கு வேலை வந்தது. "எப்பவும் எண்றதில்ல. எப்பவும் தண்ணி தர்றதில்ல, நிழல் தர்றதில்ல, கக்கூஸ் தர்றதில்ல. நாங்க இருபது ரூபா டிக்கெட் வாங்கித்தான சார் உள்ள வந்தோம்? வெளியூர்க்காரி ஆள் இல்லன்னு உங்க ரூல்ல எங்க எழுதியிருக்கு? எடுங்க பார்ப்போம்."

அவர் பையிலிருந்து தாளை எடுத்தார். எழுந்து நின்று, சத்தமாக, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். "மைதானத்தில் உள்ள பார்வையாளர்கள் முந்நூறு பேருக்குக் குறையாமல்." அவ்வளவுதான். எந்த ஊர் என்று ஒரு வார்த்தை இல்லை. மனிதர் நேர்மையானவர். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நேராகப் புங்கமரத்தடிக்குப் போனார். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். பதினோராவது ஆள் நான். முந்நூற்று இரண்டு.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்குத் திறமை போதாது. பம்பை அடித்த அடியில் கிரிவலத்தில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். கலைவாணி ஓடிவந்து என்னை இடுப்போடு தூக்கிவிட்டார். எழுபத்திரண்டு கிலோ நான்.

மாலை 5.20. ஆட்டத்தை நாங்கள்தான் ஜெயித்தோம், இரண்டுக்கு ஒன்று. தோற்ற ஊர் ஆடுகிறது, ஜெயித்த ஊரும் சேர்ந்து ஆடுகிறது. இரண்டு அணிப் பெண்களும் ஒரே பம்பைக்கு ஆடியதை வெள்ளைக்காரர்கள் வீடியோ எடுத்தார்கள். எங்கள் கோல்கீப்பரின் கழுத்தில் ஒரு மஞ்சள் துண்டு. அதை யார் போட்டார்கள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கிளம்பும்போது கலைவாணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த மாசம் நாங்க உங்க ஊருக்கு வரோம்க்கா. உங்க கிரவுண்டுல எங்களுக்கு எங்க இடம்?"

"வாங்க, வாங்க" என்று மட்டும் சொன்னேன்.

மாலை 6.40, திரும்பும் பஸ். ஜன்னலில் நிலா பெரிதாகக் கிளம்பியிருந்தது. ஜெயித்த சந்தோஷத்தில் எல்லாரும் பாடிக்கொண்டு வந்தார்கள். நான் எங்கள் மைதானத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். பெரம்பூரில் வெளியூர்க்காரர்களுக்கு இடம் சாக்கடை ஓரம். நிழல் கிடையாது. தண்ணீர் வேண்டுமென்றால் எதிர்க் கடையில் வாங்கிக்கொள்ள வேண்டும். அங்கே கயிறு கட்டுவது வேறு யாருமில்லை, நான்தான். நான்கு வருஷமாக என் கையால் இறுக்கி முடிச்சுப் போடுகிறேன். ஊர் ஊராகப் போய் நியாயம் கேட்டவள் நான்.

கீழ்பென்னாத்தூரைத் தாண்டும்போது எங்கள் அணிச் செயலாளருக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, அடுத்த மாசம் கீழ்பென்னாத்தூர் வருதில்ல? வேப்பமரத்துப் பக்கம் முழுசா அவங்களுக்கு. சாப்பாடு நம்மள்து. பக்கத்து ஸ்கூல்ல பாத்ரூம் சாவி கேட்டு வாங்கிடுங்க."

"அப்ப நம்ம ஆளுங்க எங்கம்மா உக்காருவாங்க?"

"சாக்கடை ஓரம். நான் முதல் ஆளா உக்காருறேன்."

"எத்தனை பேர் வருவாங்க?" என்றார் அவர்.

"எட்டு வேன் அண்ணே" என்றேன். பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற சத்தத்தில் சொன்னேன்.